மூடாத கோடு

எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் எல்லாருக்கும் இரண்டு வயது உண்டு, ஐயா. ஒன்று வீட்டு வயது, இன்னொன்று சர்ட்டிபிகேட் வயது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிற அன்று ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ குறைத்துச் சொல்வோம், ஹெட்மாஸ்டரும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார். பின்னால் வேலைக்கு மனுப் போட உதவும், பெண்ணாக இருந்தால் வரன் பார்க்க உதவும். உங்களுக்கும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். அதை யாரும் குற்றம் என்று சொல்வதில்லை.

என் மகள் சந்திரகலா அறுபத்திரண்டில் பிறந்தவள். சர்ட்டிபிகேட்டில் அறுபத்து நாலு. ஆக இப்போது அவளுக்கு வீட்டில் பத்தொன்பது, காகிதத்தில் பதினேழு. இந்த இரண்டு வருஷ வித்தியாசம் மட்டும் இல்லாதிருந்தால் நானும் நீங்களும் இப்படி எதிரெதிரே உட்கார வேண்டியிருந்திருக்காது.

என் பெயர் கருணாகரன். சாத்தூர்ப் பக்கம் சொந்த ஊர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. வேலையில் ஒரு கெட்ட பெயர் வாங்கியதில்லை. சுரங்கத்தில் அடிபட்டு வருகிறவனைப் படுக்க வைத்து, காலைத் திருப்பி, மூச்சை அடக்கச் சொல்லிப் படம் எடுத்து அனுப்புவேன். வலிக்காமல் கையைத் திருப்புவதில் எனக்கு ஒரு பக்குவம் உண்டு என்று எல்லாருமே சொல்வார்கள்.

தங்கராசுவும் அப்படி வந்தவன்தான். முத்தாண்டிக்குப்பத்துக்காரன், சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. கணுக்கால் பிசகி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த சந்திரகலாவும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். அவன் கணுக்காலை நானே படம் எடுத்தேன். எலும்பில் குறை எதுவும் இல்லை. மற்றபடி அவன் எந்தத் தெரு, எந்த ஜனம் என்று நீங்களே விசாரித்திருப்பீர்கள், என் வாயால் சொல்ல வேண்டியதில்லை. நான் சாதி பார்க்கிறவன் இல்லை, ஐயா. எங்கள் வீட்டில் வேலை செய்கிற சாமியம்மாளும் அதே ஊர், அதே தெரு. அவளை அடுக்களை வரைக்கும் விட்டிருக்கிறேன்.

ஒரு நாள் இரண்டு பேரும் திருவதிகைக் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மைனர் பெண்ணைக் கடத்திவிட்டான் என்று சர்ட்டிபிகேட்டைக் காட்டிப் புகார் கொடுத்தேன். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் போலீசோடு போய்ப் பிடித்தோம். அவள் பஸ் படியில் நின்றாள். அவளுடைய இடது கையை நான் பிடித்தேன். பிடிக்க மட்டும்தான் செய்தேன், இழுத்தது அவள்.

தங்கராசு கீழேயிருந்து, "மாமா, கைய வுட்ருங்க மாமா. அதுக்கு வலிக்குதுங்க" என்றான்.

நடுத்தெருவில் என்னை மாமா என்கிறான். எனக்கு ஆத்திரம் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அதே நேரத்தில் அவள் மணிக்கட்டில் ஒரு சத்தம் கேட்டது. சத்தத்தைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டைவிரல் பக்கத்து எலும்பு, மணிக்கட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே.

கோர்ட்டில் அவள் அழவே இல்லை. வீங்கிய கையைத் தூக்கிக் காட்டி, "எனக்குப் பத்தொன்பது வயசு. எங்கப்பாவுக்கே அது தெரியும்" என்றாள். தங்கராசுவுக்கு வந்த வக்கீல் கெட்டிக்காரர். சர்ட்டிபிகேட் வயதை நம்ப முடியாது, எலும்பைப் பார்த்து வயது சொல்லட்டும், அப்பன் ஒடித்த கையும் அதே படத்தில் பதிவாகட்டும் என்றார். மாஜிஸ்திரேட் அந்த இடது கையையே எங்கள் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துவரச் சொல்லி, அதுவரை அவளைக் கடலூரில் பெண்கள் விடுதிக்கு அனுப்பினார். பதினெட்டு நிறைந்தவள் என்றால் அவனோடு போய்விடுவாள். நிறையவில்லை என்றால் எங்கள் வீட்டுக்கு வருவாள். எல்லாம் ஒரு படத்தில் இருந்தது.

எலும்புக்கு ஒரே வயதுதான், ஐயா. வளர்கிற பிள்ளைகளின் மணிக்கட்டைப் படம் எடுத்தால், எலும்பின் நுனி தனியாகவும் தண்டு தனியாகவும் நிற்கும், நடுவில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். பெண் பிள்ளைகளுக்குப் பதினேழு வாக்கில் அந்தக் கோடு மூடிவிடும். சந்திரகலாவுக்கு மூடியிருக்கும் என்பது படம் எடுக்காமலே எனக்குத் தெரியும். நான் பெற்ற பெண்.

சாமியம்மாளுக்கு அம்சவல்லி என்று ஒரு மகள். அம்மாவோடு வந்து பாத்திரம் கழுவிக் கொடுப்பாள். அவளுக்கு என்ன வயது என்று ஒரு நாள் சாமியம்மாளிடம் கேட்டேன். "பெரிய புயலு அடிச்சு எங்க வூட்டுக் கூரை போச்சே, அந்த வருசம் பொறந்ததுங்க" என்றாள். கணக்குப் பார்த்தால் பதினாலுக்குப் பக்கத்தில் வந்தது. வயதுக்கு மீறிய வளர்த்தி. சந்திரகலாவின் கண்ணாடி வளையல் இரண்டை எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். உடனே போட்டுப் பார்த்தாள், அளவு சரியாக இருந்தது. "ஐயா நல்லாருக்குதுங்களா?" என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பெண் திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ள என் மனைவி புஷ்பவல்லி கோயிலுக்குப் போயிருந்தாள். சாமியம்மாள் அடுத்த பிளாக்கில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அலமாரிக்கு மேலிருந்த தகரப் பெட்டியை எடுக்க அம்சவல்லி முக்காலியில் ஏறினாள். விழுந்துவிட்டாள். இடது மணிக்கட்டு. நான் உடனே கையைப் பார்த்தேன். கட்டைவிரல் பக்கம் ரத்தக்குழாய் ஓடுகிறதே, அதில் நாடி பார்த்தேன், துடித்தது. நகத்தை அமுக்கிவிட்டால் வெளுத்துப்போய் மறுபடி சிவக்க வேண்டும், சிவந்தது. சைக்கிளில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்ரே ரூம் பூட்டியிருக்கும், சாவி என்னிடம்தான். டாக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று, மூங்கில் பத்தை வைத்து நானே இறுக்கிக் கட்டிவிட்டேன். எக்காரணத்தைக் கொண்டும் கட்டை அவிழ்க்கக் கூடாது என்று சாமியம்மாளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "ஐயா சொன்னா சரிங்க. நீங்க பாத்துக்குவீங்க" என்று கும்பிட்டாள்.

யாருடைய படம் என்று தெரிய, நம்பரும் தேதியும் படத்திலேயே விழும்படி ஈய எழுத்துகள் வைப்போம்; அந்தப் படத்தில் நான் வைத்தவை அம்சவல்லிக்கு உரியவை அல்ல. கோர்ட் படத்துக்கு எந்த நம்பர், எந்தத் தேதி என்பது எனக்குத்தானே தெரியும்.

சந்திரகலாவைப் போலீஸ் காவலோடு கொண்டுவந்தபோது டாக்டர் ஜெயராமன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நேர்மையான மனுஷர். "கருணாகரன், இது உங்க பொண்ணு கேஸ். நீங்க ரூமுக்குள்ள வேணாம். இசக்கிமுத்து எடுக்கட்டும்" என்றார்.

"அதுதான் சார் முறை" என்றேன்.

இசக்கிமுத்து வேலைக்குப் புதியவன். படம் எடுப்பான், கழுவத் தெரியாது. கழுவுகிற டார்க் ரூம் என் பொறுப்பு. டாக்டர் அந்தக் கதவை நினைக்கவில்லை. அவன் எடுத்த பிளேட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். கழுவினேன். சிவப்பு விளக்கில் என் மகளின் கை மெல்ல மெல்ல வந்தது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு கோடுகூடத் திறந்திருக்கவில்லை, நன்றாக வளர்ந்து முடிந்த பொம்பளையின் கை. கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் படத்தை மறுபடி தண்ணீரில் நனைத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டிலும் முறிவு ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்தது. வேலை சுத்தமாக இருந்தது என்று அந்த நேரத்தில் தோன்றியதைச் சொல்லத்தான் வேண்டும். மகளுடையதைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். மற்றதைச் சொட்டச் சொட்ட வெளியே கொண்டுவந்து கிளிப்பில் மாட்டினேன்.

டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முழங்கை ஒட்டிடுச்சு, மணிக்கட்டு ஒட்டலை. பதினாலுக்கு மேல, பதினேழுக்குள்ள" என்று எழுதினார். அவர் படித்தது சரி. அவர் கையில் கொடுத்த படத்தைத்தான் அவர் படித்தார்.

தங்கராசு ஜெயிலுக்குப் போனான். சந்திரகலா வீட்டுக்கு வந்தாள், கையில் மாவுக்கட்டோடு. என்னோடு பேசவில்லை, சாப்பிடவில்லை. பசித்தால் சாப்பிடுவாள் என்று விட்டுவிட்டேன். பெண் வீட்டுக்குள் இருக்கிறாள் என்ற நிம்மதியில் நான் தூங்கினேன்.

இந்த இடத்தில் என் கவனக்குறைவு ஒன்று உண்டு. எலும்பு ஒடிந்தால் வீங்கும், வீங்க வீங்கக் கட்டு இறுகும், இறுகினால் ரத்தக்குழாய் நசுங்கி விரலுக்கு ரத்தம் போகாது. இது எனக்குத் தெரியாதா என்றால் தெரியும். முதல் நாள் நகத்தை அமுக்கிப் பார்த்தவன், அப்புறம் பார்க்கவில்லை. கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைச்சல், அந்த வாரம் எனக்கு ஒழியவில்லை.

சாமியம்மாள் ஒரு காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "ராவெல்லாம் அழுவுதுங்க. இப்ப வெரலு மரத்துப்போச்சுன்னு சொல்லுது" என்றாள். பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். உள்ளே படுத்திருந்த சந்திரகலா எழுந்து வந்தாள். இவள் இடது கையில் மாவுக்கட்டு, அவள் இடது கையில் துணிக்கட்டு.

"அம்சு, கையில என்னடி?"

"வுழுந்துட்டேங்க்கா. இங்கதான், உங்க வூட்லதான். ஐயாதான் சைக்கிள்ல கூட்டிகினு போய் படம் புடிச்சாரு."

சந்திரகலா எக்ஸ்ரே ரூம் பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவள். கேட்டதும் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அம்சவல்லியின் வலது கையில் கிடந்த தன் வளையலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ரொம்ப மெதுவாக, "ஒரு தடவையா விழுந்த?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவைங்க்கா. அப்பறம் ஐயா…" என்ற அம்சவல்லி என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

சந்திரகலா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஒற்றைக் கையால் அந்தக் கட்டை அவிழ்த்தாள். விரல்கள் கறுத்து மடங்கியிருந்தன. சாமியம்மாள் போட்ட கூச்சலில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். அவர்களைத் தாண்டி என் மகள் அந்தப் பெண்ணை டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் புதிதாக எடுத்த படத்தையும் கோர்ட் படத்தின் நகலையும் ஜன்னலில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாராம். அதே எலும்பு, அதே முறிவு, அதே மூடாத கோடு. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டவில்லை. "அந்தக் குழந்தைக்கு விரல் இனிமே நிமிராது கருணாகரன்" என்றார். இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முக்காலியைப் பற்றிக் கேட்டீர்கள். இழுத்தது நான்தான். முதல் தடவை விழுந்து, அவள் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டாள். அந்த வயதில் எலும்பு பச்சைக் குச்சி மாதிரி, வளையுமே தவிர லேசில் ஒடியாது. மறுபடி ஏறச் சொன்னேன். நான் சொன்னேன் என்பதற்காக ஏறினாள். அதிலும் ஒடியவில்லை. மூன்றாவது தடவைக்கு முக்காலி வேண்டியிருக்கவில்லை. அவள் கையை அலமாரி விளிம்பில் வைத்து, எங்கே ஒடிய வேண்டுமோ அங்கே அழுத்தினேன். "வேணாங்க ஐயா" என்றாள். அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டிலும் இழுத்தது நான்தான், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுமே பெண்ணைக் காப்பாற்றச் செய்தவை. அப்பனாக இருந்தால் உங்களுக்குப் புரியும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு சின்ன வேண்டுகோள். சந்திரகலாவின் வயதை நிரூபிக்க நாளைக்குப் புதிதாகப் படம் எடுக்கப் போகிறார்களாம். இசக்கிமுத்துவுக்கு இன்னும் கை பழகவில்லை, முரட்டுத்தனமாகத் திருப்பிவிடுவான். ஒடிந்த கை, இன்னும் வலி இருக்கும். ஒரு போலீஸ்காரரோடு என்னைச் சற்று நேரம் அங்கே அனுப்பி வையுங்கள். அவள் கையை நானே பிடித்துக்கொள்கிறேன். நான் பிடித்தால் அவளுக்குப் பயமிருக்காது.