ஆக்ஸிலேட்டர் மேல இருந்த கால்

இல்ல சார், நான் பிரேக்கே போடல. ஹஸ்ரத் அப்பாஸ் மேல ஆணை. பத்து டன் உருளைக்கிழங்கு பின்னாடி உக்காந்திருக்கு, ஹைரான் கணவாய் இறக்கம், ரோடு பூரா பனி உறைஞ்சு கெடக்கு. இதுல பிரேக்க மிதிக்கறதும் பள்ளத்துல குதிக்கறதும் ஒண்ணுதான். லாரிக்காரன் திடீர்னு நிறுத்தினான், அதான் கார் வந்து இடிச்சுதுன்னு எழுதிட்டீங்கன்னா என் லைசென்ஸ் போச்சு. அதான் கெஞ்சறேன், எழுதறதுக்கு முன்னாடி கேளுங்க.

அர்தபில் ஊர்ல கெளம்பறப்பவே சக்கரத்துக்கு சங்கிலி மாட்டியாச்சு. உச்சி தாண்டினதும் செகண்ட் கியர். அவ்வளவுதான். ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுத்துட்டா எஞ்சினே வண்டியப் புடிச்சு வச்சுக்கும். நடந்து போறவன்கூட நம்மள முந்துவான், முந்தட்டுமே!

கார்க்காரன் எப்படி வந்தானா? நம்மாளுங்க எப்படி வருவாங்க? இறக்கத்தக் கண்டா உடனே நியூட்ரல். நாலு சொட்டு பெட்ரோல் மிச்சமாம்! வெயில் காலத்துல பொழைச்சுக்குவான். இந்தப் பனியில சும்மா உருள விட்டுட்டு, வேகம் ஏறினதும் பயந்துபோய் பிரேக்க அமுக்கியிருக்கான். சக்கரம் நின்னுடுச்சு, கார் நிக்கல. அதுக்கப்புறம் கியரப் போடப் பாத்தா எங்க விழும்?

கண்ணாடியில பாத்தேன் சார். ஹாரன விடாம அடிச்சுக்கிட்டு வெள்ளைக் கார் ஒண்ணு ஆடி ஆடி வருது. எதிர்ல பஸ்ஸு ஏறிட்டு இருக்கு. நான் ஒதுங்கினா அவன் பஸ்ஸுல போவான், இல்லாட்டி பள்ளத்துல போவான். என்ன பண்றது? தேர்ட் போட்டு நானும் வேகத்த ஏத்தினேன். ஆமா சார், ஏத்தத்தான் செஞ்சேன். அப்பத்தானே இடி மெதுவா விழும்? அவன் மூக்கு என் பின்பக்கம் ஒட்டினதும் கால எடுத்தேன். எஞ்சின் போட்ட அலறல் கணவாய் பூரா கேட்டிருக்கும். ஆனா ரெண்டு வண்டியையும் சேத்து இழுத்துப் புடிச்சுது. பஸ்ஸும் தாண்டிப் போயிடுச்சு.

ஏன் சார், லாரிக்குப் பின்னாடி என்ன குனிஞ்சு பாக்கறீங்க?

ஆமா. ரெண்டு இடிதான். ஒண்ணு லேசா பட்டிருக்கு. இன்னொண்ணுல தகடே கிழிஞ்சிருக்கு. ஒரு தடவ ஒட்டினவன் எப்படி ரெண்டாவது தடவ இடிச்சான்னு கேக்கறீங்க.

சொல்றேன். வளைவுல திரும்பறப்ப பக்கத்துக் கண்ணாடியில மூஞ்சி தெரிஞ்சுது. பஹ்லூல். என் தங்கச்சி சோல்மாஸக் கட்டினவன். நாலு வருஷத்துக்கு முன்னாடி, பனி கொட்டிக்கிட்டு இருக்கறப்ப, அவள வெறுங்காலோட வெளிய தள்ளி கதவச் சாத்திக்கிட்டான். விடிஞ்சப்புறம்தான் பக்கத்து வீட்டுக்காரங்க பாத்தாங்க. வலது கால்ல ஒரு விரல்கூட மிச்சமில்ல அவளுக்கு.

நான் ஆக்ஸிலேட்டர அமுக்கினேன் சார். தெரிஞ்சேதான் அமுக்கினேன். லாரி முன்னாடி போயிடுச்சு, கார் பின்னால தனியா உருளுது. அவன் கையத் தூக்கி என்னைக் கூப்பிடறான். நானும் பாத்துக்கிட்டே மிதிக்கறேன். மனசுக்கு நல்லாவே இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

திரும்ப ஏன் புடிச்சேன்னா? எரக்கமெல்லாம் ஒண்ணும் படல. அடுத்த வளைவு வந்துச்சு. இருபத்தாறு வருஷமா வளைவு வந்தா கால எடுக்கறவன் சார் நான். கால் தானா மேல வந்துடுச்சு. அவன் வந்து மோதினான், ஒட்டிக்கிட்டான், அப்படியே கீழ கொண்டாந்துட்டேன்.

அதோ, டீக்கடை வாசல்ல நின்னு, மச்சான்தான் என் உசுரக் காப்பாத்தினான்னு போறவன் வர்றவன்கிட்டல்லாம் அழுதுக்கிட்டு இருக்கான். என் கையப் புடிச்சு முத்தம் வேற குடுத்துட்டான்.

ரெண்டு இடிக்கும் நடுவுல ஒரு அம்பது மீட்டர் இருக்கு, அதையும் எழுதிக்கோங்க சார். எழுதிட்டு, அவனுக்கும் ஒரு தடவ வாசிச்சுக் காட்டிடுங்க.