முடிவுகள் வெளியே கொடுக்கப்படமாட்டாது

சனிக்கிழமை மத்தியானம் ராயகிரிக்கு ஒரு பஸ் இருக்கு அய்யா, அதை விட்டா எனக்குச் சிரமம். அதனால நீங்க கேக்கதுக்கு முன்னால நானே சொல்லிருதேன். என் வீட்டுக்காரி முத்துவடிவு அங்கன, பொறந்த வீட்டுல இருக்கா. ரெண்டு மாசம் ஆச்சு. திரும்பி வருவாளா மாட்டாளான்னு இன்னும் எனக்குத் தெரியல. நீங்க விசாரிக்க வந்த விசயமும் அதுவும் ஒண்ணுதான்.

என் பேரு வல்லிநாயகம். தென்காசியில இந்தக் கிளை நூலகத்துக்கு நான்தான் நூலகர். அறுபத்திரெண்டுல என்னை மெட்ராசுக்கு அனுப்பி மூணு மாசம் நூலக நிர்வாகம் படிக்க வச்சாங்க. நூலகம்னா அடுக்கிவச்சுத் தூசி தட்டுததுன்னு அதுவரைக்கும் நெனச்சிருந்த ஆளு நான். பாடம் நடத்துனவரு, எண்ணிக் காட்ட முடியாத சேவை சேவையே இல்லன்னாரு. நோட்டுல ரெண்டு தடவ அடிக்கோடு போட்டேன்.

திரும்பி வந்தா மேலிடத்துக் கடுதாசி காத்துக் கெடக்கு. நாளைக்கு ஐம்பது பேராவது வந்து கையெழுத்துப் போடலன்னா கிளையைச் சிவகிரிக்கு மாத்திருவோம்னு. அப்ப வந்துக்கிட்டு இருந்தது பதினொரு பேரு. அதுலயும் மூணு பேரு சாரலுக்கு ஒதுங்குனவங்க.

படிக்க ஆளு இல்லாம இல்ல. எங்க ஊருல பொம்பளைக வாசகசாலைக்கு வரமாட்டாங்க. தடை ஒண்ணும் கெடையாது, பெஞ்சு பூரா ஆம்பளையா உக்காந்திருந்தா எவ வருவா? வீட்டு ஆம்பள ஒரு துப்பறியும் நாவலை எடுத்துட்டுப் போவாரு, அது அடுக்களை வழியா எட்டு வீடு சுத்தும். படிச்சது எட்டுப் பேரு, பதிவேட்டுல ஒரு பேரு. இதுக்குப் பேரு விரயம்னு நான் படிச்சிட்டு வந்திருந்தேன்.

புது சவர பிளேடு ஒண்ணு வாங்குனேன். இருநூத்திப் பதினாலு துப்பறியும் நாவல்லயும் கடைசிப் பதினாறு பக்கத்தை அறுத்து எடுத்தேன். கிழிச்சேன்னு உங்களுக்கு எவனோ எழுதிப் போட்டிருக்கான், அது பொய். ஒரு பிசிறு இருக்காது, நீங்களே பாக்கலாம். எல்லாத்தையும் தைச்சு, அட்டை போட்டு, எண் கொடுத்து, பீரோவுல வச்சுப் பூட்டி, போர்டும் எழுதுனேன்: ‘முடிவுகள் வெளியே கொடுக்கப்படமாட்டாது. கையெழுத்துப் போட்டு இங்கேயே படிக்கவும்.’

ஒரே மாசத்துல பதினொண்ணு எண்பத்திமூணு ஆயிருச்சு. சுந்தரபாண்டியபுரத்துல இருந்து சைக்கிள் மிதிச்சு வந்தாங்க. குத்தாலத்துல குளிச்சுட்டுத் தலையில எண்ணெயோட வந்தவங்களை மட்டும் துவட்டிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்புனேன். புத்தகம் பாழாயிரும்லா.

வீட்டுப் பொம்பளையளுக்கு ஆம்பளைதான் வந்து படிச்சுட்டுப் போயி வாயால சொல்லணும். ஜவுளிக்கடை கபீர் பாய் தன் வீட்டுல சைதூன் பீவிகிட்ட கொலகாரன் டாக்டர்னு சொன்னாரு. பக்கத்து வீட்டு சிவசைலம் அண்ணாச்சி தன் வீட்டுல டிரைவர்னு சொன்னாரு. ரெண்டு பேருமே கடைசித் தாளைப் பாக்காம மழை வருதுன்னு ஓடுன ஆளுக. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா பொம்பளைக ரெண்டு பேரும் மூணு நாளு முகம் கொடுத்துப் பேசல. “அண்ணாச்சி, டாக்டரா டிரைவரா, அத மட்டும் சொல்லிவிடுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்”னு சைதூன் பீவி ஆளு விட்டுக் கேட்டா. விதிமுறையை ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த வருச அறிக்கையில, கணவன் மனைவி உரையாடல் பெருகியுள்ளதுன்னும் ஒரு வரி சேத்தேன்.

எங்க எதிர்வீட்டுல காந்திமதிநாதன்னு ஒரு பெரியவரு. பக்கவாதம் வந்து படுத்துட்டாரு. சாயந்தரம் என் வீட்டுக்காரி வடிவு போயி அவருக்குக் கதை வாசிச்சுக் காட்டுவா. ஒரு நாள் வந்து நின்னா.

“மாமா ஒறங்க மாட்டேங்காரு. யாரு கொன்னான்னு பேரை மட்டும் சொல்லுங்களேன். ஒங்களுக்குத் தெரியும்லா.”

எனக்குத் தெரியும். அறுக்கும்போதே அம்புட்டையும் படிச்சிருக்கேன். “வண்டி வச்சுக் கூட்டிட்டு வா. சன்னலோரமா எடம் ஒதுக்கித் தாரேன்”னேன். ஒருத்தருக்குத் தளத்துனா ஊருக்கே தளத்தணும். பத்து நாள் கேட்டா. பத்து நாளும் அதே பதிலைத்தான் சொன்னேன், கோவப்படவே இல்ல.

வியாழக்கிழமை அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, “யாருட்டி அவன்?”னு கேட்டிருக்காரு. அதோட சரி, போய்ச் சேந்துட்டாரு. துட்டி வீட்டுலயே நாவலைக் கேட்டு வாங்கிட்டு, மறுநாள் உறுப்பினர் பட்டியல்ல பேரை அடிச்சேன். அவருகிட்ட நிலுவை ஒண்ணும் இல்ல.

வடிவு அழவும் இல்ல, ஏசவும் இல்ல. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள் பெட்டியோட பஸ் ஏறிட்டா. சோத்துப்பானை மூடிமேல ஒரு நோட்டு இருந்துச்சு. மூணு தாளுக்கு எழுதியிருந்தா, பதினாலு வருசத்துல நான் செஞ்சதெல்லாம் வரிசையா. மூணாம் தாளு அடியில, ‘நான் திரும்பி வருவேனா மாட்டேனான்னா’ன்னு நிக்கி. அடுத்த தாளை அறுத்திருந்தா. என் பிளேடுதான், கொஞ்சம் பிசிறு இருந்துச்சு. ஓரத்துல, ‘முடிவு ராயகிரியில் இருக்கிறது. நேரில் வந்து கையெழுத்துப் போட்டுப் படிக்கவும்.’

அன்னைக்கே ஓடுனேன். வாசல்லயே ஒரு பதிவேடு நீட்டுனா, கையெழுத்துப் போட்டேன். தாளைக் கேட்டேன்.

“அது இப்ப காந்திமதிநாதன் மாமா கையில இருக்கு. அவரு படிச்சுத் திருப்பித் தந்ததும் ஒங்களுக்குத்தான்”னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டா.

புத்தகங்களை அறுத்தது நான்தான். எங்கன வேணும்னாலும் எழுதித் தாரேன். ஆனா நான் மெட்ராசுல படிச்ச அந்தப் படிப்பு தப்புன்னு மட்டும் அறிக்கையில எழுதிராதிய. கல்யாணமாகிப் பதினாலு வருசத்துல மாமனார் வீட்டுக்கு ரெண்டு தடவதான் போனவன் நான். இந்த ரெண்டு மாசத்துல மட்டும் ஒம்பது கையெழுத்து ஆயிருச்சு. இன்னைக்குப் போனா பத்து. தாளு இன்னும் வரலன்னுதான் சொல்லுதா, நானும் அவசரப்படுத்தல, முறைன்னா முறைதானே. காத்திருப்போர் பட்டியல்ல எனக்கு முன்னால ஒரே ஒரு ஆளுதான் இருக்காரு.