ஒருமனதாக ஒரு விருது

பேச்சு என்று வந்துவிட்டால் எனக்கு நேரம் போவதே தெரியாது என்று என் மனைவி பச்சையம்மாள் எல்லோரிடமும் சொல்வாள். நானும் சிரித்துக்கொண்டு தலையாட்டுவேன். உண்மையில் எனக்கு நேரம் நன்றாகவே தெரியும். அன்றைக்கும் தெரிந்துதான் பேசினேன்.

என் பெயர் கண்ணாயிரம். நாடகம் எழுதுகிறவன் என்று திருவண்ணாமலையில் நாலு பேருக்குத் தெரியும். எங்கள் ஊர் நாடக மன்றம் வருடா வருடம் தீபத்துக்கு முன்பு ஒரு விருது கொடுக்கிறது. வடக்கு மாவட்டங்களில் மேடை ஏறுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிதாக ஒன்றும் கிடையாது. விருது வாங்கிய குழுவைச் சென்னையில் கூப்பிட்டு மேடை கொடுப்பார்கள், பத்திரிகையில் போடுவார்கள். என் நாடகங்களையும் அனுப்பிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அனுப்புவதை நிறுத்திய பிறகு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். விருது கிடைக்காதவனுக்கு ஒரு சமாதானம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், ஆனாலும் போனேன். போன வருடம் தலைமை நடுவராகவும் ஆக்கிவிட்டார்கள்.

நடுவர்கள் மூன்று பேர். நான் ஒருவன். லாட்ஜ் நடத்தும் சகாதேவன் இன்னொருவர். கூட்டம் அவருடைய லாட்ஜ் மாடியில்தான் நடக்கும், அவருக்கு நாடகத்தைவிட தீபத்துக்கு ரூம் புக்கிங் முக்கியம். மூன்றாவது ஆள் ஜினதாசன். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், பரம்பரையாக அங்கே பயிர் வைக்கும் ஜைனக் குடும்பம். எங்கள் பக்கத்தில் ஜைனர்களைக் கூப்பிடுகிற வழக்கப்படி சகாதேவன் அவரை நயினாரே என்பார். நான் சார் என்பேன்.

ஜினதாசன் சார் பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார், அது அவர்கள் நோன்பு. பச்சைத் தண்ணீர்கூட இல்லை. அவர் மனைவி ராஜமதியம்மாவும் அப்படித்தான். கூட்டம் என்றால் அந்த அம்மா சின்ன கேரியரில் இட்லியும் பீர்க்கங்காய்த் துவையலும் வைத்து அனுப்புவார்கள். வெளிச்சம் இருக்கும்போதே அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் மறுபடி பேச உட்காருவார். சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர் என்பதும் எனக்குத் தெரியும். பச்சையம்மாளும் அதே ஊசிதான் போட்டுக்கொள்கிறாள். போட்டால் அரை மணியில் சாப்பிட்டுவிட வேண்டும். சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் நான் நிறையத் தடவை பார்த்திருக்கிறேன்.

எங்கள் மன்றத்தில் ஒரு விதி உண்டு. மூன்று பேரும் ஒருமனதாகச் சொன்னால்தான் விருது. ஒருத்தர் மறுத்தாலும் அந்த வருடம் யாருக்கும் கிடையாது.

இந்த வருடம் கடைசியில் நின்றவை இரண்டு. ஒன்று 'பௌர்ணமிக்கு மறுநாள்' என்ற இசை நாடகம். அடி அண்ணாமலையிலிருந்து வினோதினி என்ற பெண்ணின் குழு போட்டது. கிரிவலம் முடிந்த மறுநாள் காலையில் பாதையைக் கூட்டுகிற பெண்களின் கதை. துடைப்பத்தைத் தரையில் தட்டி அதையே தாளமாக வைத்துப் பாடினார்கள். இன்னொன்று 'கொப்பரை'. தீபக் கொப்பரையை மலைக்குத் தூக்கிப் போகும் உரிமைக்காக அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்வது. அறிவுச்செல்வன் எழுதி இயக்கியது. நான் கொப்பரை பக்கம். ஜினதாசன் சார் துடைப்பத்தின் பக்கம். சகாதேவன் யார் கடைசியாகப் பேசினாரோ அவர் பக்கம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கொப்பரையின் கடைசிக் காட்சியை எழுதியது அறிவுச்செல்வன் இல்லை, நான். முடிவு சரியாக வரவில்லை என்று அவன் வீட்டுக்கு வந்து புலம்பினான். நான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். மலை உச்சியில் அண்ணன் தனியாக நின்று கால் மணி நேரம் பேசுகிறான். என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே நல்லது அதுதான். வெளியில் சொல்லக் கூடாது என்று அவனிடம் நான்தான் சத்தியம் வாங்கினேன். நடுவராக இருந்துகொண்டு இது தப்பு என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் என் வசனம் ஒருமுறையாவது அந்த விருதை வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் பெயர் வராவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் இருந்தேன், அந்த அளவுக்கு இறங்கி வந்திருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் கூடினோம். போன்களை வாங்கி சகாதேவன் மேசை இழுப்பறையில் போட்டுவிடுவது வழக்கம். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, இரண்டு நாடகங்களின் பதிவையும் முக்கியமான இடங்களில் மறுபடி ஓட்டிப் பார்த்தோம். பிறகு விவாதம்.

"பாட்டை எடுத்துட்டா இதுல நாடகம் எங்க சார் இருக்கு?" என்று ஆரம்பித்தேன்.

"பேச்சை எடுத்துட்டா உங்க கொப்பரையில என்ன இருக்கு?" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அதுவரை நன்றாகத்தான் போனது. அவர் நல்ல மனுஷர். எதிராளி சொல்வதில் ஒரு நியாயம் இருந்தால் உடனே ஒப்புக்கொள்வார். அண்ணன் தம்பி சண்டை போடுகிற இடம் அபாரம் என்றார். அந்த இரண்டு பையன்களுக்கும் தனிப் பரிசே கொடுக்கலாம் என்றார். பிறகு ஊசிப் பையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டு வந்தார். உட்கார்ந்துகொண்டே சொன்னார்:

"ஆனா அந்தக் கடைசி சீன்தான் சார் மொத்தத்தையும் கெடுக்குது. வேற யாரோ எழுதி ஒட்ட வெச்ச மாதிரி இருக்கு. அந்த ஆளுக்குத் தன் பேச்சு மேலயே ஆசை ஜாஸ்தி. இதுக்கு விருது குடுத்தா என் மனசு ஒப்பாது."

சகாதேவன், "அட, ஆமா நயினாரே, எனக்கும் அங்க கொட்டாவி வந்துச்சு" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கத்தியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், அத்தோடு போயிருக்கும். கீழே யாரோ விருந்தாளி வந்திருப்பதாகச் சொல்லி சகாதேவனைக் கூப்பிட்டார்கள், அவர் போய்விட்டார். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நான் பேச ஆரம்பித்தேன். வசனம் என்றால் என்ன, மௌனம் என்றால் என்ன, மேடையில் ஒருவன் தனியாக நிற்பது எதற்காக என்று நிதானமாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். மரியாதை தெரிந்த மனுஷர், ஒருத்தர் பேசும்போது குறுக்கே எழுந்து போக மாட்டார். ஒருமுறை கேரியர் மேல் கை வைத்தார். "இதை மட்டும் முடிச்சிடறேன் சார்" என்றேன். கையை எடுத்துக்கொண்டார். ஒருவழியாக நான் முடித்தபோது பொழுது போய்விட்டிருந்தது. அவர் கேரியரைத் திறக்காமலே ஓரமாக நகர்த்தி வைத்தார்.

பச்சையம்மாளுக்குச் சர்க்கரை இறங்கும்போது முதலில் வியர்க்கும். பிறகு காரணமில்லாமல் எரிந்து விழுவாள். அதற்குப் பிறகு குழந்தை மாதிரி ஆகிவிடுவாள், எது சொன்னாலும் சரி என்பாள். ஜினதாசன் சாருக்கு ஃபேனுக்குக் கீழேயே நெற்றி வியர்த்தது. சம்பந்தமில்லாமல் என்னோடு ஒரு சண்டை பிடித்தார். வினோதினியின் பெயரை மாற்றிச் சொன்னார். நான் பொறுமையாக இருந்தேன். பச்சையம்மாளுக்காக என் சட்டைப் பையில் எப்போதும் கல்கண்டு வைத்திருப்பேன். தொண்டை வறண்டிருந்ததால் ஒரு துண்டை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன்.

சகாதேவன் திரும்பி வந்ததும் ஓட்டுக்கு விட்டேன். "கொப்பரைக்கே குடுத்துடலாமா சார்?" என்று கேட்டேன். ஜினதாசன் சார் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். "சரி சார், குடுத்துடலாம்" என்று கையைத் தூக்கினார். சகாதேவனும் தூக்கினார்.

"என்ன நயினாரே, அதுக்குள்ள மனசு மாறிட்டீங்க?" என்று சகாதேவன் கேட்டார்.

"சார் நல்லா பேசினாரு" என்றார் அவர்.

அப்போதே கல்கண்டைக் கொடுத்திருக்கலாம். அவருக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். ஓட்டு கிடைத்தாயிற்று, அதற்கு மேல் அவரிடம் எனக்கு ஒன்றும் வேண்டியதில்லை. ஆனால் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவார். தெளிந்தால், நான் எங்கே சரி சொன்னேன் என்று கேட்பார். அதற்குப் பயந்தேன். வீட்டுக்குப் போய்த் தெளியட்டும், நாளைக்கு அறிவிப்பு வந்துவிடும், அதன்பிறகு மாற்றிப் பேச அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். சாவியை வண்டியில் போட முடியாமல் தடுமாறினார். நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஸ்டாண்டையும் நானே எடுத்துவிட்டேன். "பார்த்துப் போங்க சார்" என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன், சகாதேவனும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊருக்குப் போகிற வழியில், மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றி ஓரமாக நிறுத்தியிருந்த டிராக்டரின் பின்னால் போய் மோதிவிட்டார். பிரேக் போட்ட அடையாளமே இல்லை என்றார்கள். டிராக்டர்காரனைத்தான் எல்லோரும் திட்டினார்கள். நானும் இரண்டு வார்த்தை திட்டினேன்.

விருது விழாவில் அவருக்காக எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். அவர் கடைசியாகக் கை தூக்கிய நாடகம் என்று நான் மேடையில் சொன்னதும் கூட்டம் கண் கலங்கியது. அறிவுச்செல்வன் விருதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. அந்தக் கடைசிக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னது சரி. அந்த ஆள் ரொம்பப் பேசுகிறான்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் எனக்குள் ஒரு வாதத்தை ஓட்டிக்கொண்டேதான் இருந்தேன். நான் செய்தது பேசியது மட்டும்தான், பேச்சுக்கு யாரும் சாவதில்லை, சாப்பிடாமல் இருந்தது அவருடைய நோன்பு, அதை அவர் தாமாகவே கடைப்பிடித்தார் என்று. இந்த வாதம் ஓரளவு நின்றது. போன வாரம் அவருடைய மகள் சுருதி வீட்டுக்கு வரும்வரை நின்றது.

சுருதி வேலூரில் ஒரு லேபில் வேலை செய்கிறாள். காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அங்கிள், அப்பாவோட கேரியர் அப்படியே திரும்பி வந்துச்சு. ஒரு இட்லிகூடத் தொடல. ஊசி போட்டுக்கிட்டு எப்படி அங்கிள் சாப்பிடாம இருந்தாரு?"

"பேச்சு மும்முரத்துல பொழுது போயிடுச்சும்மா. நேரமாயிடுச்சு, வேணாம்னுட்டாரு" என்றேன்.

அவள் காபி டம்ளரைத் தள்ளி வைத்தாள். பிறகு, "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "அம்மாகிட்ட சண்டை போட்டேன் அங்கிள். உங்க நோன்புதான் அப்பாவைக் கொன்னுடுச்சுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். அம்மா அதை அப்படியே நம்பிட்டாங்க. இப்ப தெனமும் இருட்டுன அப்புறம்தான் சாப்பிடறாங்க. அழுதுக்கிட்டே சாப்பிடறாங்க. வேணாம்மான்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க."

பச்சையம்மாள் உள்ளேயிருந்து வந்து அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதுவரை சொன்னதில் ஒரே ஒரு இடத்தை மட்டும் உங்களிடமும் மாற்றிச் சொல்லிவிட்டேன். ராஜமதியம்மாவிடமும் அந்தப் பெண்ணிடமும் போய்ச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அதனால் முதலில் இங்கே சொல்கிறேன்.

அன்றைக்கு நான் முடிக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. நடுவிலேயே கேரியரை எடுத்து மேல் தட்டைத் திறந்துவிட்டார். இட்லி மேல் துவையலின் பச்சை தெரிந்தது. திரை இழுத்த அறை, கையில் கடிகாரம் இல்லை, போனும் இழுப்பறையில். ஒரு சந்தேகத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சார், வெளிச்சம் இருக்குதா பாருங்க" என்றார்.

எங்கள் ஊரில் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். தெரு நிழலாகிவிடும். ஆனால் அது அஸ்தமனம் இல்லை, அதற்கு இன்னும் நேரம் இருக்கும். வெளியூர்க்காரருக்கு அது பிடிபடாது, இங்கே பிறந்தவனுக்குத் தெரியும். நான் எழுந்து போய்த் திரையை விலக்கினேன். வானம் வெளுத்துக் கிடந்தது. கீழே ஒரு கடையிலும் விளக்குப் போடவில்லை. கிழக்கே தள்ளியிருந்த மாடிகளில் மஞ்சள் வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. நாலு இட்லி சாப்பிட்டுக் கை கழுவும் அளவுக்குத் தாராளமாக நேரம் இருந்தது.

திரையை மூடினேன். "இருட்டிடுச்சு சார்" என்றேன்.

அவர் எழுந்து வந்து பார்க்கவில்லை. "நல்லவேளை, கேட்டேன்" என்று சொல்லிக் கேரியரை மூடினார்.