வெறும் அட்டையை வாசித்த பள்ளிக்கூடம்

அவைத் தலைவர் அவர்களே, மாலையும் கையுமாக மேடையில் வந்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே, மரைன் ஹில்லிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் பொன்னம்மா. ஆஸ்பத்திரிக் கண் வார்டில் ஞானசெல்வி சிஸ்டரோடு வேலை பார்த்தவள். பிள்ளைகளுக்குக் கண் சோதிக்க அவர் லீவு போட்டுவிட்டு, கடல் தாண்டி அடுத்த தீவில் இருக்கும் ரங்கத்துக்குப் போட் ஏறும்போதெல்லாம் கூடவே போனவள். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைத் தியாகி என்றார்கள், தெய்வம் என்றார்கள். உயிரோடு இருந்தபோது இதே வாய்கள் அவரை என்னவென்று சொன்னன? வாயாடி என்று சொன்னன. ஆமாம், வாயாடிதான். அந்த வாய் இல்லையென்றால் குடியேறியவர்களின் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கண் என்று ஒன்று இருப்பதே உங்கள் யாருக்கும் நினைவு வந்திருக்காது.

ரங்கத்துக்கு உள்ளே ஒரு பள்ளிக்கூடம். அதன் தலைமையாசிரியர் சிவஞானம் அவர்கள் இதோ, மேடையில்தான் இருக்கிறார். முதல் தடவை போனபோது, பிள்ளைகளுக்குப் பயம் தெளியட்டும் என்று எழுத்து அட்டையை சிஸ்டர் அங்கேயே மாட்டிவிட்டு வந்தார். சார் என்ன நினைத்தார்? இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்று நினைத்தார். பள்ளியின் பெயர் கெடக்கூடாதே. அட்டையில் இருந்த எழுத்தையெல்லாம் வரிசையாக மனப்பாடம் பண்ணவைத்துவிட்டார்.

மறுபடி போனோம். ஒரு பிள்ளைகூடத் தப்பு விடவில்லை. கடைசி பெஞ்சு ஜெயமணி வந்து நின்றாள். கடல் காற்றில் அட்டை திரும்பிக்கொண்டது. எங்களுக்குத் தெரிந்தது வெறும் முதுகுப் பக்கம். அவள் நிறுத்தவே இல்லை, கடைசி வரிவரைக்கும் ஒப்பித்தாள். சார் கைதட்டினார்.

சிரிக்கிறீர்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. விரலை நீட்டி, இது எத்தனை என்று கேட்டார். அந்தப் பிள்ளை விரலைப் பார்க்காமல், விடைக்காக சார் நின்ற பக்கம் திரும்பியது. அப்போதுதான் சிஸ்டர் சொன்னார்: "சார், உங்க ஸ்கூலுக்கு மார்க் போட நான் வரல. எந்தப் பிள்ளைக்குத் தெரியலன்னு பாக்க வந்தேன். அதைத்தான் நீங்க மறைச்சிட்டீங்க."

இது குற்றமா? பிள்ளைகள் முன்னால் அவமானப்படுத்திவிட்டாராம். அதற்குப் பிறகு போனபோது கேட்டில் காவலாளி, "சாப் மனா கியா, சிஸ்டர்", சார் உள்ளே விடக்கூடாதென்று சொல்லிவிட்டார் என்று கையை விரித்தான். அனுமதிக்காக அவர் ஏறாத படி இல்லை. இன்று இந்த இரங்கல் கூட்டத்தை நடத்துகிற சங்கத்துக்கும் வந்து கேட்டார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? பெரிய மனுஷனோடு எதற்கு வம்பு என்றீர்கள்.

ஜெயமணிக்கு இன்றுவரை கண்ணாடி இல்லை. போர்டில் எழுதுவது தெரியாமல் அடி வாங்குகிறாள். இந்த முழுப் பரீட்சையிலும் தோற்றால் பள்ளியை நிறுத்தி வயலுக்கு அனுப்பிவிடுவேன் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். மஞ்சள்காமாலையில் படுத்திருந்த சிஸ்டர் என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான், கேட்டைத் திறந்தார்களா என்று. நான் அவர் வாயில் தண்ணீர் விட்டேன்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் தலைவர் நம்மை எழுந்து நின்று மௌனம் காக்கச் சொல்வார். எதற்கு? அந்த கேட் மூடிய நாளிலிருந்து நீங்கள் காத்தது வேறென்ன?

சிஸ்டரின் வேலையை நான் தொடர்வேன். வருகிற திங்கட்கிழமை போட்டில் ஏறுகிறேன். அவர் கண் சோதிக்கும் லென்ஸ் பெட்டி என் வீட்டில்தான் இருக்கிறது. சிவஞானம் சார், நீங்கள் கொண்டுவந்த மாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். எனக்கு வேண்டியது ஒரு வார்த்தை. ஜெயமணியைப் பார்க்க என்னை உள்ளே விடுவீர்களா, மாட்டீர்களா? இதோ, மைக்கை உங்கள் முன்னால் வைக்கிறேன். இத்தனை பேர் காதில் விழும்படி சொல்லுங்கள். நீங்கள் சொன்ன பிறகு நாங்கள் எழுந்து நிற்கிறோம்.