தாயத்து வாங்கப் போன பஸ்

கண்டியிலிருந்து புசல்லாவை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில், ஹந்தானைத் தோட்டத்துக் கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர்களுடைய பதினைந்து வயது மகள் கூட வரவில்லை. அவளைப் பிடித்த பேய்க்குத் தாயத்து வாங்கப் போகிறவர்கள், அவளைத் தோட்டத்து லயத்து வீட்டில் தனியாக விட்டு வந்திருந்தார்கள்.

"ஆமிக்காரன் சுத்தி வளைச்ச ரவுண்டப்புல அவ அண்ணனைப் பிடிச்சிக்கிட்டுப் போன நாள்லேருந்து சோறில்ல, தூக்கமில்ல," என்றார் மனைவி. "இன்னைக்குக் காலையிலதான் சிரிச்சா."

"நாம கெளம்புறது பேய்க்குத் தெரிஞ்சிருச்சி. பயந்திருச்சி."

"வளையல், பேனா எல்லாத்தையும் கூட்டாளிப் பிள்ளைகளுக்குக் குடுத்துட்டா. தம்பிய நல்லாப் பாத்துக்கங்கம்மான்னு வேற சொன்னா."

"நல்ல பேய்தான்," என்றார் கணவர்.

அவர்களுக்குப் பக்கத்துச் சீட்டில் ஆஸ்பத்திரி வேலை உடுப்போடு இருந்த ஓர் அம்மா திரும்பினார். "ஏன்யா, எந்தப் பேய் தம்பிய ஒப்படைச்சிட்டுப் போகுது? சாகணும்னு நெனைக்கிறியான்னு அவகிட்டக் கேட்டீங்களா?"

"இல்லாத நெனப்ப நாமளே குடுத்த மாதிரி ஆயிராதா?" என்றார் கணவர்.

"இருக்கிற நெனப்பத்தான் கேக்கச் சொல்றேன். பூசாரிகிட்டப் பத்துக் கேள்வி கேப்பீங்க, பெத்த பிள்ளைகிட்ட ஒண்ணு கேக்க மாட்டீங்களா? திரும்பிப் போங்க. பக்கத்துல உக்காந்து கேளுங்க. தனியா விடாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க."

மனைவி எழுந்து மணியை அடித்தார். பேராதனையில் பஸ் நின்றது. கணவர் மீதித் தூரத்துக்கான காசைக் கண்டக்டரிடம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் மனைவி பாதையைக் கடந்து, கண்டிக்குப் போகும் பஸ்ஸுக்குக் கை காட்டத் தொடங்கிவிட்டார். கண்டக்டர் காசு தரவில்லை. கணவரும் இறங்கி ஓடினார்.

அவர்களுக்கு நட்டம், இரண்டு டிக்கெட்டுக்கு எட்டு ரூபாய்.