லோக்கல் கார்டியன்

— அந்த நாற்காலியில உட்காராதீங்க, இஸ்திரி போட்ட துணி இருக்கு. நின்னுக்கிட்டே சொல்லுங்க. நானும் காலையிலேருந்து நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— ஒரு கையெழுத்துதான். நம்ம பொண்ணுக்கு இந்த ஊர் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. ஹாஸ்டல்ல லோக்கல் கார்டியன் கேக்குறாங்க. சாயங்காலத்துக்குள்ள ஃபாரம் குடுக்கலேன்னா ரூமை வேற யாருக்காவது குடுத்துடுவாங்களாம். என்ன பண்றது.

— லோக்கல்னா? எங்க தையல் கடையில மட்டமான பட்டனைத்தான் லோக்கல்னு சொல்லுவோம்.

— அது இல்ல. இதே ஊர்ல குடியிருக்கிற பொறுப்பான ஆள். ஹாஸ்டலுக்குப் பத்து நிமிஷ நடை தூரத்துக்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கு பாரு. காய்ச்சல் கீய்ச்சல்னு கூப்பிட்டா ஓடிப் போய் நிக்கணும். லீவு நாள்ல வெளிய அழைச்சிக்கிட்டுப் போகணும்.

— அம்மா பண்ற வேலை.

— அப்படி வச்சுக்கோயேன்.

— ஆனா அம்மா பேருன்னு இருக்கிற இடத்துல உங்க வீட்டுக்காரி பேரு.

— நாலு வயசுலேருந்து வளர்த்தவ. வேற என்ன பண்றது.

— குத்தம் சொல்லலைங்க. வளர்த்தவ பேருதான் இருக்கணும். கீழ உறவுன்னு ஒரு கட்டம் காலியா கிடக்கே, அதுல நான் யாரு?

— தூரத்துச் சொந்தம்னு போடு. அவகிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்.

— பதினாலு வருஷமா அந்தப் பக்கம் தலை காட்டாதேன்னீங்க. காட்டலே. இப்ப அவ வந்து அத்தைன்னு கூப்பிடுவா, நானும் அத்தை மாதிரியே திரும்பிப் பாக்கணும். அதுக்குத் தெம்பு இல்லைங்க எனக்கு.

— இந்த ஊர்ல எனக்கு வேற யாரைத் தெரியும், சொல்லு.

— அப்புறம் எதுக்கு இந்த ஊரு? உங்க ஊர்லயே ரெண்டு காலேஜ் இருக்கே.

— அங்கயும்தான் இடம் கிடைச்சுது. இங்கதான் படிப்பேன்னு ஒத்தைக் கால்ல நின்னா. ஏன்னு கேட்டா வாயே திறக்கலே.

— சரி விடுங்க. பேனாவைக் குடுங்க. இருங்க, கை ஈரமா இருக்கு. ஹாஸ்டல் எவ்வளவு தூரம்? கால் வீங்கிக் கிடக்கு, என்னால முன்ன மாதிரி வேகமா நடக்க முடியாது.

— தெரியலே. விசாரிக்கணும்.

— ஃபாரத்துப் பின்னாடி பென்சில்ல என்னமோ கிறுக்கியிருக்கு. நீங்களே பாருங்க, பென்சில் எழுத்து எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது.

— அவ எழுத்துதான். இந்தத் தெரு. இது உன் கடை. இங்கேருந்து ஹாஸ்டலுக்கு ஒரு கோடு. ஏழு நிமிஷம்னு போட்டிருக்கா.

— கீழ இன்னொரு வரி இருக்கே.

— ம்.

— படிங்க.

— அம்மா நடந்தா பத்து.