புதன்கிழமைக் கல்லெறி

தவளை: ...வரமாட்டாங்க. நான் வேணும்னா எழுதித் தர்றேன், ஒருத்தரும் வரமாட்டாங்க.

தும்பி: மணி இப்பதானே மூணு ஆச்சு, தவளை அண்ணா.

தவளை: புதன்கிழமை மூணு மணின்னா மூணு மணி. மூணரைக்கு ஆடி அசைஞ்சு வர்றதுக்கு இது என்ன கல்யாண வீடா? ஆராய்ச்சிக் குழுவோட வாராந்தரக் கூட்டம்.

தும்பி: நாற்காலி ரெண்டுதான் இறக்கிப் போட்டிருக்கீங்க. மிச்சமெல்லாம் சுவரோரம் அடுக்கினபடியே இருக்கு. அவங்க வந்தா நின்னுட்டே கேக்கணுமா?

தவளை: வர்றவங்க அவங்கவங்க நாற்காலியை அவங்கவங்களே இறக்கிக்கட்டும். நான் என்ன பந்தல் காண்ட்ராக்டரா? ...பிஸ்கட் எடுத்துக்கோ. பிஸ்கட் வச்சா கூட்டம் சேரும்னு பெரிய சார் சொன்ன யோசனை. எறும்புகூட வரல.

தும்பி: எந்த எறும்பு? நம்ம எறும்பா?

தவளை: ரெண்டும்தான். சர்க்கரையைத் தேடிப்போற எறும்பை ஆராய்ச்சி பண்றவன், பிஸ்கட் இருக்கற ரூமுக்கு வரத் தெரியாம நிக்கிறான். இதுக்கு இவனுக்கு உதவித்தொகை வேற.

தும்பி: அவருக்குப் பல் வலியாம் அண்ணா. டாக்டர்கிட்ட போயிருக்கார்.

தவளை: ஓ... பல் வலியா. சரி. நத்தை?

தும்பி: நத்தை அக்கா குழந்தைக்குக் காய்ச்சல்.

தவளை: நம்ம எல்லாருக்கும் வச்ச மாதிரி, நத்தையை ஆராய்ச்சி பண்றாளேன்னு நத்தைன்னு பேர் வச்சோம். அதுக்காக ஓட்டுக்குள்ளயே போய் உக்காந்துக்கணுமா? அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் புதன்கிழமை தவறாம வருது. என் கூட்டத்தைவிட ஒழுங்கா நடக்குது.

தும்பி: பாவம்ண்ணா...

தவளை: யாரு, குழந்தையா? குழந்தை பாவம்தான். அப்புறம், வௌவால் எங்கே? மேல் கம்பியில தலைகீழா தொங்கிட்டிருக்காரா?

தும்பி: ராத்திரி பூரா குகையில வேலையாம். இப்பத் தூங்குறாராம்.

தவளை: வௌவால் பகல்ல தூங்கும், ஒத்துக்கறேன். வௌவாலைப் பார்க்கறவனும் தூங்கணும்னா, நான் மழை வர்ற வரைக்கும் மண்ணுக்குள்ளயே படுத்துக் கிடக்கலாமே! முதல்ல திங்கக்கிழமை வச்சோம். வௌவாலுக்கு ஒத்துவரல. வெள்ளிக்கிழமை வச்சோம். நத்தை, ஸ்கூல்ல இருந்து குழந்தையைக் கூட்டிட்டு வரணும்னு சொன்னா. காலைல வச்சோம். எறும்புக்குக் காலைலதான் வெளியில வேலை. எல்லாருக்கும் தோதா புதன்கிழமை மூணு மணின்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரு பருவம் போச்சு. அந்த நேரத்துல இன்னொரு தவளையையே கண்டுபிடிச்சிருப்பேன்.

தும்பி: பெரிய சாராவது...

தவளை: பெரிய சார் விமானத்துல இருக்கார். குழுவுக்குத் தலைவர்னு பேரு. உலகத்துல எங்க கூட்டம் நடந்தாலும் அவர் ஆஜர், நம்ம கூட்டத்தைத் தவிர. போறப்ப என்ன சொல்லிட்டுப் போனார் தெரியுமா? "ஒழுங்கா கூடுங்கப்பா, அதுதான் முக்கியம்"னு. விமானத்துல ஏறினதும் மனுஷனுக்குத் தத்துவம் வந்துடுது.

தும்பி: நான் வேணும்னா எல்லாருக்கும் ஒரு போன் போட்டுப் பார்க்கட்டுமா?

தவளை: வேண்டாம்.

தும்பி: ஒரே நிமிஷம்...

தவளை: வேண்டாம்ங்கறேன்ல. கெஞ்சிக் கூட்டி வந்து உக்கார வைக்கறதுக்கு அவங்க என்ன மாப்பிள்ளை வீட்டாரா? போனைக் கீழ வை.

தும்பி: சரி சரி... வச்சுட்டேன். உங்களுக்காகத்தான் சொன்னேன். திங்கக்கிழமை உங்களுக்கு வைவா. பட்டத்துக்குக் கேள்வி கேக்க வெளியிலிருந்து பேராசிரியர் வர்றார். அதுக்கு முன்னாடி இங்க கல்லெறி நடக்கணும்ல? "கல்லெறி வாங்காம இந்தக் குழுவுல ஒருத்தரும் வைவாவுக்குப் போகக்கூடாது"ன்னு சட்டம் போட்டது நீங்கதான்.

தவளை: போட்டேன். இப்பவும் அதையேதான் சொல்றேன்.

தும்பி: பாராட்டக்கூடாது. ஆளுக்கு ஒரு கல்லாவது எறியணும். பதில் சொல்ல முடியாத கேள்வியா இருந்தா நல்ல கல்லு.

தவளை: அதுல என்ன தப்பு? நாம எறிஞ்சா இந்த ரூமோட போச்சு. வெளியாள் எறிஞ்சா மண்டை உடையும்.

தும்பி: நத்தை அக்கா போன தடவை அழுதாங்க.

தவளை: கண்ணுல தூசி விழுந்துதுன்னு அவளே சொன்னா.

தும்பி: வௌவால் ஒரு வாரம் யார்கிட்டயும் பேசல...

தவளை: அவன் எப்பவும் பேசமாட்டான். பேசினாலும் நம்ம காதுக்குக் கேக்காது.

தும்பி: நீங்க சொல்றது எல்லாம் சிரிப்பாத்தான் இருக்கு. கல்லு வாங்கற நாற்காலியில உக்காந்தா சிரிப்பு வராது. நானும் உக்காந்திருக்கேன்ல... அன்னைக்கு ரூமுக்குப் போய் சாப்பிடவே இல்லை.

தவளை: ...அதுக்கப்புறம் நீ எழுதினதைப் பார்த்தேன். ரொம்ப உருப்படியா இருந்துது.

தும்பி: பாராட்டக்கூடாதுண்ணா.

தவளை: பாராட்டல. குறை சொல்ல எதுவும் கிடைக்கலன்னு வருத்தப்படறேன்.

தும்பி: சரி, ஆரம்பிங்க. நான் ஒருத்தி இருக்கேன்ல? லேப்டாப்பை மாட்டுங்க.

தவளை: ஒயர் கொண்டு வரல.

தும்பி: ஒயர் இல்லாமலா? கூட்டம் நடத்துறவர் நீங்க! ஒயர் மறந்துட்டு வந்ததுக்கு எறும்பை நீங்க கிழிச்ச கிழி இருக்கே...

தவளை: இப்ப நீ என்னைக் கிழிக்கப் போறியா? ஒருத்திக்காக எதுக்கு மாட்டணும்? விடு, அடுத்த வாரம் பார்ப்போம்.

தும்பி: அடுத்த வாரம் வைவாவே முடிஞ்சுபோயிடும். ஒயர் வேண்டாம். வாயால சொல்லுங்க. முதல் ரெண்டு அத்தியாயமும் எனக்குத் தெரியும். மூணாவது சொல்லுங்க. அதை இந்தக் கூட்டத்துல நீங்க ஒரு தடவைகூட வைக்கல.

தவளை: கூட்டம் நடத்துறவனுக்கு எங்க நேரம்? நத்தையைச் சமாதானம் பண்ணவே பாதி நேரம் போயிடுது.

தும்பி: இப்ப நத்தை அக்கா இல்லையே. நேரம் நிறைய இருக்கு.

தவளை: ...சரி கேளு. குளத்துல மேற்குக் கரை. விடுதிச் சுவர் பக்கம் ஒரு ஒலிப்பதிவுக் கருவி வச்சேன். தவளைன்னா ராத்திரி கத்தும், மழைக்குக் கத்தும். எங்க அம்மாவுக்கே தெரியும். ஆனா இந்தக் கரையில ஒரு குரல் உச்சி வெயில்ல கேக்குது. வெயில் ஏற ஏற அதிகமா கத்துது. இதுவரைக்கும் யாரும் சொல்லாதது. பெரிய சார் கேட்டுட்டு எழுந்து நின்னு கை குடுத்தார். போதுமா?

தும்பி: நல்லாத்தான் இருக்கு. அப்புறம் கோடை விடுமுறைல அந்தக் குரல் நின்னுபோகும்னு எழுதியிருந்தீங்களே...

தவளை: என் ஆய்வேட்டைப் படிச்சியா நீ?

தும்பி: படிச்சேன். மேஜை மேல கிடந்துது.

தவளை: விடுமுறைல இல்லை. கோடை உச்சத்துல. அது... இனப்பெருக்கத்துக்கு அப்புறம் வர்ற ஓய்வு.

தும்பி: விடுதி மூடற அன்னைக்கு ஓய்வு ஆரம்பிக்குது. விடுதி திறக்கற அன்னைக்கு முடியுது.

தவளை: தற்செயல்.

தும்பி: ம்... என் கல்லை இப்ப எறியட்டுமா?

தவளை: எறி. தும்பி எறியற கல்லு எவ்வளவு பெருசா இருந்துடப் போகுது?

தும்பி: இதோ போன்ல ஒரு பதிவு, கேளுங்க... 'கொர்ர்... கொர்ர்... டக்'னு கேக்குதா? இது என்ன?

தவளை: என் தவளை. அந்தக் கடைசி 'டக்' இருக்கே, அதை வச்சுதான் அடையாளம் சொல்வேன். கரையில எந்த இடத்துல எடுத்த?

தும்பி: கரையில எடுக்கல. விடுதியில, மாடிப்படிக்குக் கீழ. தண்ணி மோட்டாருக்கு மேலயே போனை வச்சு எடுத்தேன்.

தவளை: தவளை குளத்தை விட்டு நகராதுன்னு யார் சொன்னா? ஈரம் இருக்கற இடத்துக்குப் போகும். மோட்டார்கிட்ட ஈரம் இருக்கும்.

தும்பி: சுவிட்சைப் போட்டேன், கத்துச்சு. அணைச்சேன், நின்னுது. திரும்பப் போட்டேன்... உங்க தவளை சொன்ன பேச்சு கேக்குதுண்ணா.

தவளை: நக்கலா?

தும்பி: இந்த ரூம்ல கத்துக்கிட்டதுதான்.

தவளை: வெயிலுக்கும் குரலுக்கும் இருக்கற சம்பந்தம்? அதுக்கு என்ன சொல்ற? வெயில் கூடினா குரல் கூடுது. வரைபடம் இருக்கு. கணக்கு இருக்கு. மோட்டாருக்கு வெயில் தெரியுமா?

தும்பி: மோட்டாருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். வெயில் கூடினா விடுதில எல்லாரும் ரெண்டு தடவை குளிப்போம். தொட்டி சீக்கிரம் காலியாகும். மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க அளந்தது தவளையை இல்லைண்ணா. நாங்க குளிக்கிறதை.

தவளை: இதை எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டலாம்னுதான் வந்தியா? நத்தை கைதட்டுவா. வௌவாலுக்குத் தூக்கமே கலைஞ்சுடும். எறும்பு போய்க் கூட்டத்துக்கே சொல்லிட்டு வருவான். நல்ல கல்லாத்தான் பொறுக்கியிருக்க!

தும்பி: அப்படி நினைச்சிருந்தா இப்படித் தனியா உக்காந்து சொல்லிட்டிருப்பேனா? எல்லார் முன்னாடியும் வேண்டாம்னுதான் காலைல எல்லாருக்கும் போன் போட்டேன். இன்னைக்குக் கூட்டம் இல்லை, வராதீங்கன்னு சொல்ல.

தவளை: என்னது? நீயா? என் கூட்டத்தை நிறுத்த நீ யாரு? நான் இங்க உக்காந்து அத்தனை பேரையும் திட்டித் தீர்த்துட்டிருக்கேன், நீ பல் வலி, காய்ச்சல்னு...

தும்பி: பல் வலியும் காய்ச்சலும் நான் அடிச்சுவிட்டது. அதை நம்பற மாதிரி நடிச்சது நீங்க.

தவளை: நடிச்சேனா?

தும்பி: நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நத்தை அக்கா சொன்னாங்க. "கூட்டம் இல்லைன்னு தெரியும்மா, நேத்து சாயங்காலமே அவன் சொல்லிட்டானே"ன்னு. வௌவாலும் அதையேதான் சொன்னார். எறும்பும். வராதீங்கன்னு நீங்களே சொல்லிட்டு, வரலையேன்னு நீங்களே திட்டறீங்க. இதைவிட வசதியான கூட்டம் உண்டா?

தவளை: சிரிக்காத.

தும்பி: சிரிக்கல... உங்களுக்கும் தெரியும், இல்லையா? மோட்டார் விஷயம்?

தவளை: போன வாரம் அந்த மோட்டாரைக் கழட்டி ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போனாங்க. அன்னைக்குக் கரையில நான் உக்காந்திருந்தேன். தலை வெடிக்கிற வெயில். என் கணக்குப்படி அது காது கிழியக் கத்தணும். ஒண்ணுமே இல்லை... சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், "மோட்டார் இல்லாம எப்படிக் குளிக்கறது?"ன்னு கத்தினார். அந்தக் குரல் மட்டும்தான் கேட்டுது.

தும்பி: ஐயோ...

தவளை: மோட்டார் திரும்ப வந்துது. என் தவளைப் பயலும் கத்த ஆரம்பிச்சுட்டான். வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவக் குழாயைத் திறந்தேன். எனக்கு அவமானமா இருந்துது தும்பி. அடுத்தவங்க எழுதினதுல ஒரு வரி ஆடினாலும் பிடிச்சுக் கிழிச்சவன் நான். என்னோடதை ஒரு தடவை இங்க வச்சிருந்தா, முதல் வாரமே நத்தை கேட்டிருப்பா... "பக்கத்துல வேற என்ன சத்தம் இருக்கு?"ன்னு. அவ எப்பவும் அதைத்தான் கேப்பா.

தும்பி: அதைக் கேட்டதுக்குத்தான் ஒரு தடவை அவங்களைக் கிழிச்சீங்க.

தவளை: ஆமா. அதையும் சொல்லிக்காட்டு.

தும்பி: திங்கக்கிழமை என்ன பண்ணப் போறீங்க? அந்த அத்தியாயத்தோட போய் நின்னு, வெளிப் பேராசிரியர் கண்டுபிடிக்கலன்னா...

தவளை: கண்டுபிடிக்கமாட்டார். அதான் பயமே. கை குடுத்துட்டுப் போயிடுவார். அப்புறம் ஆயுசு பூரா குழாயைத் திறக்கறப்பெல்லாம் என் பட்டம் கொர்ர்னு கத்தும்... பெரிய சார் விமானத்துல இருந்து இறங்கினதும் சொல்லணும். வைவாவைத் தள்ளி வைக்கச் சொல்லணும். மூணாவது அத்தியாயத்தை எடுத்துட்டா மிச்சம், தவளை ராத்திரி கத்தும், மழைக்குக் கத்தும்.

தும்பி: அது நிஜமாவே தவளை கத்தினது. போதாதா?

தவளை: எங்க அம்மாவுக்குப் போதும். பல்கலைக்கழகத்துக்குப் போதுமான்னு பார்ப்போம்... அடுத்த புதன்கிழமை மூணு மணிக்கு எல்லாரையும் வரச் சொல்லு. நீயே சொல்லு, நான் சொன்னா வரமாட்டாங்க. அந்த நாற்காலியில நான் உக்கார்றேன். எல்லாரும் எறியட்டும்.

தும்பி: சொல்றேன். ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? நேத்து நத்தை அக்காவுக்குச் சொன்னீங்க, வௌவாலுக்குச் சொன்னீங்க, எறும்புக்குச் சொன்னீங்க. கூட்டம் இல்லைன்னு எனக்கு மட்டும் சொல்லவே இல்லை. மறந்துட்டீங்களா?

தவளை: மறந்திருந்தா ரெண்டாவது நாற்காலியை எதுக்கு இறக்கிப் போட்டேன்? நம்ம குழுவுல அந்த விடுதியில, அந்த மோட்டார் சத்தத்தைத் தினம் கேட்டுட்டு இருக்கறது நீ ஒருத்திதானே.